கடற்கரையாகக் கருதப்படும் வீடு

பங்குனி ஆமை மணலில் ஏறும்போது காலை மாற்றி மாற்றி வைக்கும். வலது முன்துடுப்போடு இடது பின்துடுப்பு, பிறகு இடதோடு வலது. அதனால் அதன் தடம் இரண்டு பக்கமும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பதியும். மார்ச் மூன்றாம் தேதி காலை ஐந்தே முக்காலுக்கு ஓடக்கரையில் ஜெயக்கொடி பார்த்த தடத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்தே பதிந்திருந்தன. யாரோ மணலில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் துடுப்புப் போட்டுக்கொண்டே கரையேறினால் அப்படித்தான் இருக்கும்.

தலைக்கு மேல் பறந்த ட்ரோனுக்கு இதில் குழப்பமில்லை. அது தடத்தைப் படம் எடுத்தது. நீளம் நாற்பத்தொரு மீட்டர் என்று அளந்தது. அவள் கைப்பேசியில் ஒரு வரி வந்தது: ‘ஓடக்கரை, கூடு ஒன்று. கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.’

ட்ரோனை அனுப்பியது கரைசொல்லி. அது ஒரு கணிப்பு நிரல். ஆறு வருடங்களுக்கு முன்பு, பழைய ஆமைப் பதிவேடுகளையும் கடலரிப்புப் படங்களையும் அதற்குக் கொடுத்தபோது அது ஒன்றைக் கண்டுபிடித்தது. இரண்டு பருவங்கள் தொடர்ந்து ஆமை முட்டையிடாத கரை நான்கு வருடங்களுக்குள் கடலுக்குள் போய்விடுகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று தடவை இது சரியாக இருந்தது. ஆமைக்கு இது எப்படித் தெரிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கரைசொல்லிக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லாக் கரைக்கும் கல் கொட்டுவதைவிட ஆமையைக் கேட்டுக்கொள்வது எளிது என்பதால் சட்டம் வந்தது.

இரண்டு பருவம் ஆமை வராத கரைக்குச் சட்டத்தில் ‘விடுகரை’ என்று பெயர். விடுகரைக்குச் சாலை போட மாட்டார்கள். தடுப்புக் கல் கொட்ட மாட்டார்கள். மின்கம்பம் சாய்ந்தால் நிமிர்த்த மாட்டார்கள். ஊரை மொத்தமாக முப்பது கிலோமீட்டர் மேற்கே, வயல்களுக்கு நடுவே கட்டிய அடுக்குமாடிக்கு மாற்றிவிடுவார்கள்.

ஓடக்கரைக்குப் போன வருடம் ஆமை வரவில்லை. இந்த வருடத்துக்கான கெடு மார்ச் முப்பத்தொன்று.

ஒவ்வொரு கூட்டையும் ஒரு மனிதர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. கொன்றைமேட்டிலிருந்து தெற்குமேடு வரை ஐந்து ஊர்களுக்கும் அந்த மனிதர் ஜெயக்கொடி. வயது இருபத்தேழு. திருவாரூரில் விலங்கியல் படித்தவள். தினமும் விடியற்காலையில் பதினான்கு கிலோமீட்டர் நடப்பாள்.

அவள் மண்டியிட்டு மணலைத் தோண்டினாள். முழங்கை ஆழத்தில் முட்டைகள் கிடந்தன. எடுத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. மணல் சூடாக இருந்தது, முட்டை மட்டும் குளிர்ந்திருந்தது. முகர்ந்தாள். லேசாக நெத்திலி வாசனை வந்தது. ஏழாவது முட்டையைத் திருப்பியபோது அடியில் பென்சிலால் போட்ட சிறிய பெருக்கல் குறி இருந்தது.

அது அவள் போட்ட குறி. பிப்ரவரி ஏழாம் தேதி கொன்றைமேட்டில் உண்மையான கூடு ஒன்றைத் திறந்து, மேலே கிடந்த பத்து முட்டைகளின் உச்சியில், எது மேல்பக்கம் என்று தெரிவதற்காகப் போட்டது. அதற்குப் பிறகு சின்னக்கழியில் ஒரு கூடு வந்தது, புங்கந்தோப்பில் ஒரு கூடு வந்தது. இரண்டிலும் மேலாக மணலைத் தள்ளிப் பார்த்துவிட்டு, சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அவள் முட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மீன் ஏலக்கூடத்துக்குப் போனாள்.

ஓடக்கரையின் ஊர்த்தலைவர் அஞ்சப்பன் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். நாட்டார் என்றுதான் ஊர் அவரைக் கூப்பிடும். அறுபது வயது. கழுத்தில் துண்டு, காதில் பீடி.

“வாங்க மேடம். ஆமை வந்துருச்சாமே” என்றார்.

“அந்தக் கூட்டை யாரு வச்சது நாட்டாரே?”

“ஆமைதான். வேற யாரு வப்பா?”

“முட்டையெல்லாம் ஜில்லுன்னு இருக்கு.”

“காலம்பற பனி.”

“மார்ச் மாசத்துலயா?”

“கடக்கரையில அப்படித்தான் மேடம். நீங்க திருவாரூரு. ஒங்களுக்குப் பழக்கமில்ல.”

அவள் முட்டையை டீக் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்து, குறியைக் காட்டினாள். “இது நான் கொன்றைமேட்டுல போட்ட குறி.”

அஞ்சப்பன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார். “நல்ல பென்சிலு” என்றார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். “ஒக்காருங்க மேடம். ஒண்ணு கேக்குறேன். கரைவலைக்கு முறை உண்டா இல்லியா?”

“எனக்குத் தெரியாது.”

“உண்டு. அஞ்சு ஊரும் ஒரே நேரத்துல வலை வளைச்சா மீனு யாருக்கும் இல்ல. அதுனால மொதல்ல கொன்றைமேடு, அப்பறம் சின்னக்கழி, அப்பறம் புங்கந்தோப்பு, நாலாவது நாங்க, அஞ்சாவது தெக்குமேடு. என் பாட்டன் காலத்துலேந்து இதான் முறை. அதே முறையில முட்டையும் வருது. அஞ்சு ஊரு நாட்டாரும் ஒக்காந்து பேசி முடிச்சது. நாளன்னிக்கு தெக்குமேட்டுக்கு எடுத்துக் குடுக்கணும்.”

“மத்த ஊருக்கெல்லாம் போன வருஷம் ஆமை வந்துச்சே. இந்த வருஷம் வரலைன்னாலும் அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதே. உங்களுக்குத்தானே அவசரம்?”

“அவசரந்தான். அதுக்காவ முறைய மாத்த முடியுமா?”

ஜெயக்கொடி முட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள். “ஐஸ்ல வச்சுக் கொண்டுவந்தீங்களா?”

“பின்ன? இருவது நாளா ஊரு ஊராப் போவுது. ஐஸு இல்லாம கெட்டுப்போவாதா?” அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. “தெர்மகோல் பெட்டியில அடியில ஒரு பாரு ஐஸு, மேல ஈரச்சாக்கு. ஒரு முட்டை நசுங்கல.”

“சாகாம இருக்கணும்னா சூடு வேணும் நாட்டாரே. போட்ட நேரத்துலேந்து ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்தா எடுக்கலாம். அதுக்கப்பறம் புரட்டவே கூடாது. உள்ள குஞ்சு ஒட்டியிருக்கும்.”

“இப்ப?”

“எல்லாம் செத்துப்போச்சு.”

“எல்லாமா?”

“நூத்தி எட்டும்.”

அஞ்சப்பன் முட்டையைப் பார்த்தார். மீனைக் கெடாமல் வைப்பதில் அந்தக் கடற்கரையிலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. உயிரோடு இருப்பதைக் கெடாமல் வைக்க வேண்டிய வேலை அவருக்கு இதுவரை வந்ததில்லை.

“எங்க ஆளுவொ மடியில வச்சுக் கொண்டாந்தானுவொ” என்றார். “பைக்குல பள்ளம் வந்தா எறங்கி நடந்தானுவொ.”

“நான் இதுல கையெழுத்துப் போட முடியாது.”

“ஊரு போயிரும் மேடம். நூத்தி நாப்பது குடும்பம். அறுவத்தி நாலு போட்டு. போட்டை மூணாவது மாடிக்கா ஏத்துவோம்?”

“ஆமை வராத கரை நாலு வருஷத்துல கடல்ல போயிருது. அது என் வார்த்தை இல்ல.”

“ரோட்டையும் கல்லையும் நிறுத்துனா போவத்தான் செய்யும். சோறு போடுறத நிறுத்திட்டு, இவன் சாவான்னு முன்னாடியே சொன்னேன் பாருன்னா என்னா அர்த்தம்?”

ஜெயக்கொடி முட்டையைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றினாள். சட்டம் வந்த பிறகும் மாறாத அந்தத் தொண்ணூற்று மூன்று சதவீதத்தில் எத்தனை சதவீதம் ஆமை சொன்னது, எத்தனை சதவீதம் அரசாணை செய்தது என்று அவள் இதுவரை யோசித்ததில்லை.

மாலையில் மண்டல அலுவலர் குலசேகரனுக்குப் போன் செய்தாள். அவரே முந்திக்கொண்டார்.

“ஜெயக்கொடி, நீ அனுப்பின முட்டை ஓட்டு மாதிரியோட மரபணுவை ஒப்பிட்டுப் பாத்தாச்சு. கொன்றைமேடு, சின்னக்கழி, புங்கந்தோப்பு, ஓடக்கரை. நாலுக்கும் ஒரே தாய்! இருபத்தஞ்சு நாள்ல நாலு தடவை முட்டை! உலகத்துலயே இப்படி ஒரு பங்குனி ஆமை இல்லையாம்.”

“சார், அது நாலு தடவை இல்ல. ஒரே முட்டைதான் நாலு ஊருக்குப் போயிருக்கு.”

மறுமுனையில் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

“கரைசொல்லி அப்படிச் சொல்லலையே” என்றார் குலசேகரன்.

“நான் சொல்றேன் சார். என் பென்சில் குறி இருக்கு.”

“அந்த ஆமைக்குப் பேர் வைக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் போட்டி அறிவிச்சாச்சு. நானூறு பேர் அனுப்பியிருக்காங்க.”

“சின்னக்கழி, புங்கந்தோப்பு ரெண்டுலயும் என் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கிறேன் சார். ஓடக்கரையில போடல.”

“முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும் டயம் இருக்கு. அவசரப்படாதே. உனக்கு ஒண்ணு சொல்றேன். நிரலே ஒத்துக்கிட்ட ஒண்ணை மனுஷங்க மறுக்கறது அவ்வளவு நல்லா இருக்காது.”

அவள் கடிதத்தை எழுதி அனுப்பினாள். ஓடக்கரையின் கூடு ‘கையெழுத்துக்குக் காத்திருக்கிறது’ என்ற நிலையிலேயே இருந்தது. மறுநாளிலிருந்து ஓடக்கரையில் யாரும் அவளுக்கு டீ கொடுக்கவில்லை. திட்டவும் இல்லை. அவள் நடந்து வந்தால் வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள் வலையை இன்னும் உன்னிப்பாகப் பார்த்தார்கள்.

நான்காவது நாள் ஒருத்தி மட்டும் டீ கொடுத்தாள். அவள் பெயர் வேதவல்லி. கடலுக்கு முதல் வீடு அவளுடையது. அலை ஓய்ந்த நாளில் கடலிலிருந்து இருபது அடி, ஓயாத நாளில் அளவு கிடையாது. போன ஐப்பசியில் கடல் வந்து அடுப்படியை எடுத்துக்கொண்டு போனது. இப்போது அடுப்பு படுக்கை அறையில் இருந்தது. படுக்கை அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. கணவர் கொச்சியில் விசைப்படகுக்குப் போயிருந்தார். இரண்டு பெண் குழந்தைகள்.

“நீங்க கையெழுத்துப் போடலையாமே மேடம்.”

“இல்லக்கா.”

“போட்டுறாதீங்க.”

ஜெயக்கொடி டீயை ஊதினாள்.

“அந்த அடுக்குமாடிய போயிப் பாத்தேன்” என்றாள் வேதவல்லி. “ரெண்டு பஸ்ஸு மாறிப் போனேன். எங்களுக்குன்னு எழுதி வச்சிருக்காவொ. சி பிளாக்கு, மூணாவது மாடி. புள்ளைவொ ரெண்டும் படியில பதினோரு தடவ ஏறி எறங்குச்சுவொ. மேலேந்து பாத்தா ஒரு தண்ணி தெரியல மேடம். சுத்தி வெறும் வயலு. அவ்வளவு நல்லா இருந்துச்சு.”

“நீங்க மட்டும் போகலாமே.”

“குடுக்க மாட்டாவொ. ஊரு மொத்தமா வந்தாத்தான் வூடு. ஊரு வராது. இவ்வொளுக்கெல்லாம் போட்டு இருக்குது. எனக்கு என்னா இருக்குது? ஐப்பசி வந்தா பெரியவள தோள்ல, சின்னவள இடுப்புல வச்சிக்கிட்டு ராத்திரி பூரா நிக்கணும். போன வருஷம் அஞ்சு நாளு நின்னேன்.”

“நாட்டார்கிட்ட சொன்னீங்களா?”

“அவரு எனக்கு மாமா மொறை. ‘ஒருத்தரு போனா ஊரு ஒடையும், பொறுத்துக்க’ன்னுட்டாரு. அவரு வூடு எனக்குப் பின்னாடி. என் வூடு இருக்கறவரைக்கும் அவருக்குப் பொறுமை இருக்கும்.”

அவள் சிரிக்காமல்தான் சொன்னாள்.

மார்ச் இருபத்தெட்டு வரை உண்மையான ஆமை எதுவும் ஓடக்கரைக்கு வரவில்லை. கையெழுத்து இல்லாவிட்டால் ஏப்ரல் ஒன்றாம் தேதி ஊர் விடுகரை. வேதவல்லி பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கியிருந்தாள். அஞ்சப்பன் இரண்டு தடவை ஜெயக்கொடியிடம் வந்து, கடலைப் பார்த்தபடி நின்றுவிட்டுப் போனார்.

இருபத்தொன்பதாம் தேதி விடிந்தபோது வேதவல்லியின் வீட்டுக்கு முன்னால் கடற்கரை பெருக்கப்பட்டிருந்தது.

ஜெயக்கொடி நின்றாள். வாசலைப் பெருக்குவார்கள். வாசலுக்கு வெளியே நாலடி பெருக்குவார்கள். விளக்குமாற்றின் கோடுகள் வாசல்படியிலிருந்து தொடங்கி, ஈர மணல் வரைக்கும், ஒரு பாயின் அகலத்துக்குப் போயிருந்தன. ட்ரோன் மேலே பறந்து போயிற்று. அதற்குச் சொல்ல எதுவும் இல்லை. கடைசிக் கோட்டுக்கும் அலைக்கும் நடுவே, விளக்குமாறு எட்டாத ஒரு சாண் இடத்தில், ஒரு துடுப்புப் பதிவு இருந்தது. இடது பக்கம். அதற்கு நேர் எதிரே வலது பக்கத்தில் ஒன்றும் இல்லை. அரையடி தள்ளி ஒன்று இருந்தது.

வேதவல்லி விளக்குமாறோடு வாசலில் நின்றாள்.

“எப்பக்கா வந்துச்சு?”

“என்னாது?”

“அக்கா.”

“வாசல் பெருக்குனேன் மேடம். காலம்பற பெருக்க மாட்டாவொளா?”

“கடல் வரைக்குமா?”

வேதவல்லி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். “நாலரைக்கு. படியில வந்து முட்டுச்சு. கதவத் தொறந்தா கல்லு மாரி நிக்கிது. மூச்சு வுடுது. என்னய ஒரு பார்வ பாத்துச்சு, திரும்பிச்சு, தோண்ட ஆரம்பிச்சிருச்சு. போயிரு போயிருன்னு கையெடுத்துக் கும்புட்டேன். அது பாட்டுக்குப் போட்டுக்கிட்டே இருக்குது.”

ஜெயக்கொடி படிக்குக் கீழே, சுவரிலிருந்து நான்கு அடியில் மணலைத் தோண்டினாள். முழங்கை ஆழத்தில் முட்டைகள் இருந்தன. வெதுவெதுப்பாக இருந்தன. ஈரமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இப்போதுதான் உலகத்துக்கு வந்தவை போல இருந்தன. நூற்றுப்பதினேழு.

“இந்த ஊருக்கு ஆமை வந்துருச்சுக்கா” என்றாள் ஜெயக்கொடி. “இந்தக் கரை நிக்கும்னு அர்த்தம். உங்க வீட்டு வாசல்லயே வந்து போட்டிருக்கு.”

“அதுக்கென்னா? முட்டையப் போட்டுட்டுப் போயிரும். அதுவா இங்க படுத்துத் தூங்குது?”

ஜெயக்கொடி கையில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

“நீங்க பாக்கலைன்னா யாரும் பாக்கல மேடம். அந்த மெஷினுகூட பாக்கல. ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்தா எடுக்கலாம்னு நீங்கதான சொன்னீங்களாம். எடுத்து வேற ஊருல வச்சிருங்க. குஞ்சும் பொழைக்கும், நாங்களும் பொழைப்போம். நான் ஒண்ணும் கொல்லச் சொல்லல.”

மணி ஆறு பத்து. பத்தரை வரைக்கும் நேரம் இருந்தது. வேதவல்லி சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆபத்தான மணலில் இருக்கும் கூட்டை மாற்றுவது அவளுடைய வேலையிலேயே சேர்ந்தது. மாற்றினால் நூற்று நாற்பது குடும்பங்கள் வயலுக்குப் போகும். மாற்றாவிட்டால் ஒருத்தி இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஐப்பசி முழுவதும் நிற்பாள். எது ஆபத்தான மணல் என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் இருக்கும் என்று நினைத்து, வாசல்படியில் உட்கார்ந்து கைப்பேசியில் விதிகளைத் திறந்தாள். எண்பத்திரண்டு பக்கம். இதுவரை யாரும் முழுதாகப் படித்ததாகத் தெரியவில்லை. உள்ளே சின்னப் பெண் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டது.

ஆபத்தான மணலுக்கு விளக்கம் எங்கும் இல்லை. பத்தொன்பதாவது விதி இருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் குலசேகரனை எழுப்பினாள்.

“சார், பத்தொன்பதாவது விதி நடைமுறையில இருக்கா?”

“எது?”

“‘உறுதி செய்யப்பட்ட கூட்டிலிருந்து பதினைந்து மீட்டருக்குள் அமைந்த கட்டடம் எதுவாயினும் கடற்கரையாகக் கருதப்படும். அதில் வசிப்போர் மாற்றுக் குடியிருப்புக்கு உரியவர்.’”

“அது ரிசார்ட்டுக்காரங்களை மிரட்டறதுக்கு எழுதினது. குடிசைக்கெல்லாம் யாரும் கேட்டதில்ல.”

“குடிசைக்குக் கிடையாதுன்னு எழுதியிருக்கா?”

அவர் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. “கரைசொல்லிகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றார். நாலு நிமிஷத்தில் திரும்ப அழைத்தார். “கருதப்படுமாம்.”

ஜெயக்கொடி வேதவல்லியைப் பார்த்தாள். “நான் இந்தக் கூட்டுக்குக் கையெழுத்துப் போட்டா, சட்டப்படி இனிமே உங்க வீடு வீடு இல்லக்கா.”

“அப்பறம்?”

“கடற்கரை. கடற்கரையில ஆள் குடியிருக்கக் கூடாது. அதுனால உங்களுக்கு மட்டும் மாத்து வீடு குடுத்தாகணும். ஊர் வரணும்னு இல்ல.”

வேதவல்லி திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். அடுப்பையும் படுக்கையையும் பார்த்தாள். “அப்ப நேத்து ராத்திரி புள்ளைவொ கடக்கரையிலயா படுத்துக் கெடந்துச்சுவொ?”

“சட்டப்படி, ஆமா.”

“அதத்தான மேடம் நான் ரெண்டு வருஷமா சொல்றேன்.”

ஜெயக்கொடி கையெழுத்துப் போட்டாள்.

பழைய கூட்டை ரத்து செய்து, புதிய கூட்டை ஏற்றினாள். ஓடக்கரையின் எண்ணிக்கை ஒன்று. இருபத்தாறு நாட்களாகத் திரையில் இருந்த எண் மாறவே இல்லை. முதலில் அது பொய்யாக இருந்தது, இப்போது உண்மையாகிவிட்டது, அவ்வளவுதான். ஊர் விடுகரைப் பட்டியலிலிருந்து தப்பியது. அன்று மாலை ஊர்க்கூட்டத்தில் அஞ்சப்பன் பேசினார். கடல் நம்மைக் கைவிடவில்லை, நாமும் கடலைக் கைவிடக் கூடாது, அரசாங்கம் எத்தனை மாடி கட்டிக் காட்டினாலும் இந்த மண்ணைவிட்டு ஒருத்தரும் போகக் கூடாது என்றார். வேதவல்லியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் ஜெயக்கொடிக்கு டீ கொடுத்தார்கள். ஏழு டீ.

மறுநாள் ஒரு வேன் வந்தது. வேதவல்லி ஏறி உட்கார்ந்து, கதவை அவளே சாத்திக்கொண்டாள். பெரியவள் சன்னல் வழியாகக் கை காட்டினாள். வேன் மேற்கே திரும்பியது. இரண்டு மணி நேரம் கழித்துப் புல்டோசர் வந்து வீட்டைக் கடற்கரையாக்கியது. கூட்டின்மேல் ஒரு கல் விழாமல் ஜெயக்கொடி நின்று பார்த்துக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் குலசேகரன் அழைத்தார். குரலில் மறுபடி பழைய உற்சாகம்.

“ஜெயக்கொடி! ஓடக்கரையில கடற்கரை அகலம் பதினோரு மீட்டர் கூடியிருக்கு! இந்த மாவட்டத்துலயே வளர்ற ஒரே கரை அதுதான். டில்லியிலேந்து கேக்கறாங்க, என்ன செஞ்சீங்கன்னு.”

“சார், அது வேதவல்லி அக்கா வீடு.”

“இப்ப அது கடற்கரைதானே?”

“ஆமா சார்.”

“அப்ப வளந்துருக்குன்னுதானே அர்த்தம்?”

அவள் போனை வைத்தாள். கூட்டைச் சுற்றி வலை கட்ட வேண்டியிருந்தது. நாய்கள் வரும்.

மூன்றாம் நாள் நடுப்பகலில் அவள் குச்சிகளை அடித்துக்கொண்டிருந்தபோது அஞ்சப்பன் வந்தார். கடலுக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் தூங்கும் நேரம். கரையில் ஒரு ஆள் இல்லை. அவர் ஒரு குச்சியை எடுத்துக் கொடுத்தார். அவள் அடித்தாள். இன்னொன்று எடுத்துக் கொடுத்தார்.

“இந்தப் பதினஞ்சு மீட்டருங்கறது எங்கேந்து எங்க வரைக்கும் பாப்பா?”

அவர் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“கூட்டு நடுவுலேந்து வீட்டுச் சுவர் வரைக்கும்.”

“முன்சுவரா, பின்சுவரா?”

“எது கிட்டக்க இருக்கோ அது.”

“என் வூட்டுக்கு முன்சுவருதான் கிட்டக்க.”

ஜெயக்கொடி நிமிர்ந்து பார்த்தாள். வேதவல்லியின் வீடு இருந்த இடத்துக்குப் பின்னால் அவருடைய வீடு நின்றது. நீல வண்ணம் அடித்த, நல்ல தளம் போட்ட வீடு. அதற்கும் கடலுக்கும் நடுவே இப்போது மறைப்பு எதுவும் இல்லை.

“பதினேழே காலு வருது” என்றார் அஞ்சப்பன்.

“அளந்தீங்களா?”

“கயித்தால. சும்மா.”

“ஒருத்தரும் போகக் கூடாதுன்னு கூட்டத்துல சொன்னீங்களே நாட்டாரே.”

“இப்பவும் அதத்தான் சொல்றேன். நாட்டாரு போயிட்டான்னா ஊரு போயிரும். நான் போவ மாட்டேன்.” அவர் அடுத்த குச்சியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். “அரசாங்கம் எடுத்துக்கிச்சுன்னா அது வேற. அதுக்கு நான் என்னா பண்ண முடியும்?”

அலை ஒன்று வந்து போனது.

“என் சம்சாரம் ஐப்பசியிலேந்து தூங்கல பாப்பா. ராத்திரி எந்திரிச்சி எந்திரிச்சி தரையத் தொட்டுப் பாக்குறா, ஈரமா இருக்கான்னு. பயப்படாதடின்னு அவளத் திட்டுவேன்.” அவர் குச்சியைப் பார்த்தார். “அப்பறம் நானும் தொட்டுப் பாப்பேன்.”

ஜெயக்கொடி சுத்தியலைக் கீழே வைத்தாள். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். அதன் முனையை அவர் கையில் கொடுத்தாள்.

“கூட்டு நடுவுல வச்சுப் புடிச்சுக்குங்க. நகரக் கூடாது.”

அவர் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கூட்டின்மேல் மணல் அழுந்தாமல் பக்கவாட்டில் குந்தி, இரண்டு விரலால் முனையை மணலில் வைத்தார். அவள் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நீல வீட்டைப் பார்த்து நடந்தாள். நாடா முதலில் விறைப்பாக அவிழ்ந்தது. எட்டு மீட்டர், ஒன்பது, பத்து. பன்னிரண்டுக்கு மேல் இழுப்பு குறைந்தது. எண்கள் மெதுவாக ஏறின, சுவர் வேகமாகக் கிட்டே வந்தது. அவள் டப்பாவைச் சுவரில் வைத்தாள்.

“இழுத்துப் புடிச்சிருக்கீங்களா நாட்டாரே?”

“புடிச்சிருக்கேன் பாப்பா.”

குரல் கூட்டிலிருந்து வரவில்லை. அதைவிடக் கொஞ்சம் பக்கத்திலிருந்து வந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல், பதினான்கு மீட்டர் எண்பது சென்டிமீட்டர் என்று எழுதினாள்.